திரும்பும்போது காலி

சென்ற மாதம் நம் ஓய்வூதியர் சந்திப்புக்கு நான் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டே முடி நரைத்தவர்கள் நாம். காரணம் கேட்டீர்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து வழி நெடுக லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தேன் என்றேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு லோரிகளைத் திட்டத் தொடங்கினீர்கள். புகை, இரைச்சல், சாலை பாழ், தடை செய்ய வேண்டும். நீங்கள் திட்டிக்கொண்டே சாப்பிட்ட தோசையின் அரிசியும், சட்டினித் தேங்காயும், உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியும் எதில் வந்தன என்று கேட்க வாயெடுத்தேன். தாமதமாக வந்தவளுக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

நான் வேலையில் இருந்த காலத்தில் மேலதிகாரிகளுக்கு உரை எழுதிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. "சாலைப் போக்குவரத்தே நாட்டுப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு" என்ற ஒரே வாக்கியத்தை ஒருவர் பின் ஒருவராக எத்தனையோ அதிகாரிகள் மேடையில் வாசித்திருக்கிறார்கள். கைதட்டலும் வாங்கியிருக்கிறார்கள். அந்த வாக்கியத்தை நான் எங்கே படித்தேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. படிக்கவில்லை. ஒன்பது வயதில் ஒரு மழைக்காலத்தில் பார்த்தேன்.

ஜப்பான்காரன் படையோடு வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. அப்பா அரசாங்கத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். யோங் பெங்கிலிருந்து சிகாமட் போகும் செம்மண் சாலையில் ஒரு தடுப்பு இருந்தது. சாலைக்குக் குறுக்கே நீளமான மூங்கில், அதன் ஒரு முனையில் பாரத்துக்குக் கட்டிய கருங்கல். பக்கத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட அலுவலகம், அதன் பின்னால் எங்கள் வீடு. அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு லோரியையும் நிறுத்தி, பெர்மிட்டைப் பார்த்து, ஏற்றியிருக்கும் சரக்கு அதில் எழுதியிருக்கும் சரக்குதானா என்று சரிபார்த்து, பதிவேட்டில் எழுதிவிட்டு மூங்கிலைத் தூக்க வேண்டும். அதுதான் அப்பாவின் உத்தியோகம். மழை பெய்தாலும் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் செய்தார்.

பெர்மிட்டின் கதை இளையவர்களுக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும். ரயில் அரசாங்கத்தின் சொத்து. லோரி தனியாரின் சொத்து. ரயில் கொண்டுவரும் சரக்கை லோரி கொண்டுவந்தால் ரயில் எதைக் கொண்டுவரும்? அதனால், எங்கள் பக்கத்து விதிப்படி, அரிசி ரயிலுடையது. அது சிகாமட் நிலையத்தில் இறங்கி மாட்டு வண்டியில் தோட்டங்களுக்குப் போக வேண்டும். பத்து பகாட் துறைமுகத்துக்கு ரயில் பாதை இல்லை. எனவே தோட்டத்து ரப்பரை மட்டும் லோரி அங்கே கொண்டுபோகலாம். பெர்மிட்டில் தெளிவாக இருக்கும்: போகும்போது ரப்பர், திரும்பும்போது காலி. கடலோரத்தில் அரிசி குவிந்து கிடக்கும் ஊருக்குத் தினமும் ஒரு லோரி போய், தினமும் காற்றை ஏற்றிக்கொண்டு அறுபது கல் திரும்பி வரும். இதை வகுத்தவர்கள் நன்றாகப் படித்தவர்கள். நானும் பிற்பாடு அவர்களைப் போலவே படித்தேன்.

எங்கள் தடுப்பைத் தினமும் கடப்பவர் ஒரு லோரிக்காரர். எங்களுக்கு வடக்கே ஏழெட்டுக் கல் தொலைவில் இருந்த தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். தவுக்கே என்று அழைக்கப்படும் சீன முதலாளி ஒருவரிடம் லோரி ஓட்டக் கற்று அந்தத் தோட்டத்து ரப்பரை ஏற்றிப் போனார். குடும்பம் இன்னும் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில்தான் இருந்தது. மர உடம்பு போட்ட பச்சை லோரி. முன்னால் கம்பியை விட்டுச் சுற்றினால்தான் கிளம்பும். அது வருவதற்கு முன்பே அதன் வாசம் வந்துவிடும்: புகைபோட்ட ரப்பர் தகடும், சூடான எண்ணெயும், நனைந்த கித்தானும் கலந்த ஒரு வாசம். இன்றும் அதை எங்காவது முகர்ந்தால் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றும்.

சாயங்காலம் திரும்பி வரும்போது லோரிக்காரருக்கும் அப்பாவுக்கும் இடையே தவறாமல் ஒரு பேச்சு நடக்கும்.

"வெறும் லோரிங்க கிராணி ஐயா. காத்துதான் இருக்கு. அதையும் நிறுத்துப் பாப்பீங்களோ?"

"காத்துக்கு பெர்மிட் தேவையில்லை. நீர் பின்பலகையைத் திறவும்."

"தொறந்தா காத்து ஓடிப் போயிருமே ஐயா, தவுக்கேக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அப்பா சிரிக்க மாட்டார். ஆனால் பதிவேட்டில் 'காலி' என்று எழுதும்போது அவருடைய மீசை கொஞ்சம் அசையும். லோரிக்காரருக்கு அதுவே போதும்.

சனிக்கிழமைகளில் லோரிக்காரர் மகள் முன்னிருக்கையில் உட்கார்ந்து வருவாள். என் வயது. எண்ணெய் வழிய வாரிய தலை, எப்போதும் சிராய்ப்பு இருக்கும் முழங்கால். போகும்போது எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பும்போது ஏற்றிக்கொண்டு போவார். அவள் எனக்கு, மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றி ஒரு பந்து செய்து கொடுத்தாள். கறுப்பாக, கோணலாக, நாற்றமாக இருக்கும். கல்லில் அடித்தால் கூரைக்கு மேலே போகும். அம்மா அவளுக்கு என் தட்டின் பக்கத்திலேயே தட்டு வைப்பாள். இரண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தி சாப்பிடுவாள். "வடிவாச் சாப்பிடுறாள். நீயும் இருக்கிறியே" என்று அம்மாவிடம் எனக்குத்தான் திட்டு.

மழைக்கு ஒரு மாதம் முன்பு அவள் லோரியில் வருவதை அப்பா நிறுத்தினார். யாரும் புகார் செய்யவில்லை. பெர்மிட்டைப் புதுப்பிக்கும்போது பின்பக்கத்தைப் படித்திருக்கிறார். ஓட்டுநரும் ஓர் உதவியாளும் தவிர எவரும் பயணம் செய்யலாகாது என்று இருந்தது.

"பச்சப் புள்ளைங்க ஐயா. ஒரு முட்டை கனம்கூட இருக்க மாட்டா."

"கனத்தைப் பற்றி அதிலை ஒண்டும் இல்லை. ஆளைப் பற்றித்தான் இருக்கு. ஏதும் நடந்தால் உம்முடைய லைசன்சுதான் போகும். உமக்காகத்தான் சொல்லுறன்."

அது உண்மை. அவருக்காகத்தான் சொன்னார். என் தந்தை தீமை செய்ய விரும்பி எதையும் செய்தவர் அல்லர். இந்தக் கதையில் அப்படி யாருமே இல்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக என்னால் யார் மீதும் கோபப்பட முடியவில்லை.

பிறகு மழை வந்தது. ஆண்டு முடிவில் வருகிற வழக்கமான மழைதான். ஆனால் நிற்க மறந்துவிட்டது. தீப்பெட்டி பற்றவில்லை. என் பாவாடை ஐந்து நாள் காயவில்லை. அத்தாப்பிலிருந்து பழுப்பு நீர் பதிவேட்டின் மேல் சொட்டியது. அப்பா பதிவேட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு எழுதினார். தலைக்கு அல்ல, பதிவேட்டுக்கு. சிகாமட் ஆறு கரை புரண்டு ஊருக்குள் புகுந்துவிட்டதாகவும், ரயில் பாதை நீருக்கடியில் போய்விட்டதாகவும் செய்தி வந்தது. ரயில் நின்றது. எங்கள் பக்கத்துத் தந்திக் கம்பிகளும் அறுந்தன. எங்கள் சாலையின் வடக்கு முனை மூழ்கிவிட்டது. தெற்கே பத்து பகாட் வரைக்கும் சேறாக இருந்தாலும் வழி இருந்தது. லோரி ஓடியது. ரப்பர் போய்க்கொண்டே இருந்தது. கப்பல் காத்திருக்காது அல்லவா.

ஒரு வாரம் ஆனதும் லோரிக்காரர் சாயங்காலம் பின்பலகையைத் திறந்துவிட்டு வேடிக்கை பேசாமல் நின்றார்.

"ஐயா, தோட்டத்துக் கடையில அரிசி முடியப் போவுது. பங்கைப் பாதியாக் கொறச்சிட்டாங்க. நேத்து எம் பொண்டாட்டி கஞ்சிதான் வச்சா, அதுல மொகம் தெரியுது. பத்து பகாட்டுல கடை கடையா மூட்டை அடுக்கியிருக்கான். தவுக்கே கடனாத் தரேங்கிறான். நான் தினம் வெறும் லோரிய ஓட்டிக்கிட்டு வரேன்."

அப்பா பேனாவைக் கீழே வைத்தார்.

"நீர் சொல்லுறது நியாயம்."

"அப்ப நாளைக்கு ஏத்தியாரவா?"

"பொறும். அதுக்கு ஒரு முறை இருக்கு. பெர்மிட்டிலை திருத்தம் கேட்டு விண்ணப்பிக்கலாம். நானே எழுதித் தாறன்."

"கித்தானப் போட்டு மூடிட்டு வந்தா யாருங்க பாக்கப் போறா? நீங்க ஒருத்தர்தான்."

"நான் பார்ப்பன்தானே," என்றார் அப்பா. "களவாக் கொண்டுவந்தால் ஒரு நாள்தான் கொண்டுவரலாம். அனுமதியோடை கொண்டுவந்தால் நாளாந்தம் கொண்டுவரலாம். யோசிச்சுப் பாரும். நாலு நாளிலை பதில் வந்திடும். அதுவரைக்கும் ஒரு கொத்து அரிசியும் ஏத்தாதையும். எனக்கு வாக்குத் தாரும்."

லோரிக்காரர் வாக்குக் கொடுத்தார். அரசாங்கத்து மனிதர் ஒருவர் தன்னிடம் வாக்குக் கேட்டது அவருக்கு அதுவே முதல் முறையாக இருந்திருக்கும்.

அன்று மாலை அப்பா அந்த விண்ணப்பத்தை எழுதியதைப் போல அழகாக வேறு எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. மூன்று நகல்கள், இடையில் ஊதாக் கார்பன் தாள். ஒற்றுத்தாளைப் பிடிக்கும் பெருமை எனக்குக் கிடைத்தது. காரணம் என்ற பகுதியில் வெள்ளத்தால் ரயில் போக்குவரத்து நின்றுவிட்டது என்று இரண்டு வரிகளில், ஒரு பிழை இல்லாத ஆங்கிலத்தில் எழுதினார். லோரிக்காரர் எல்லா நகல்களிலும் தமிழில் கையெழுத்துப் போட்டார். மூலப்பிரதியை உறையிலிட்டு, அனுப்பும் கடிதங்களுக்கான தட்டில் வைத்தார் அப்பா. மறுநாள் காலை தபால்காரர் வந்து வழக்கம்போல் எடுத்துப் போனார்.

ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். ஐந்தாம் நாள் லோரிக்காரர் பின்பலகையைத் திறக்காமலே கேட்டார்: "வந்துருச்சாங்க?" "வரும்" என்றார் அப்பா. ஆறாம் நாள் கேட்கவில்லை, பார்த்தார். அப்பா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் பகல் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அரிசி இருந்தது. உத்தியோகக் குடும்பத்துக்கு மூன்று மாத அரிசி முன்கூட்டியே எடுத்து வைக்கும் வழக்கம். கஞ்சி வடியும் பானையைப் பிடித்தபடி, திரும்பாமலேயே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, அந்தக் கடிதம் எதிலை போனது?"

"தபாலிலைதான்."

"தபால் எதிலை போறது?"

 எங்கள் தபால் பை சிகாமட் நிலையத்துக்குப் போய் அங்கிருந்து ரயிலேறித்தான் ஜோகூர் பாருவுக்குப் போகும். ரயில் நின்றுவிட்டதால் லோரிக்கு அனுமதி வேண்டும் என்ற விண்ணப்பத்தை, என் தந்தை, ரயிலில் அனுப்பியிருந்தார்.

சிரிக்க வேண்டாம். நம்மில் எத்தனை பேர், போகும் தட்டில் வைத்துவிட்டால் கடிதம் போய்விட்டது என்று நம்பி வீட்டுக்குப் போயிருக்கிறோம்? மனிதன் செய்த வேலையின் எல்லை அந்தத் தட்டு.

அப்பா குடையை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். பை அங்கேதான் இருந்தது, ஒரு மூலையில், ஈயமுத்திரை வைத்துக் கட்டப்பட்டு. அதன் மேல் தபால் நிலையத்துப் பூனை படுத்திருந்தது. தபால் அதிகாரியும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை சீட்டாடுபவர்.

"முத்திரை வைச்ச பையைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை எண்டு உமக்குத் தெரியுந்தானே," என்றார்.

"தெரியும்."

"நீர் எண்டாலும் திறக்கமாட்டீர்."

"மாட்டன்," என்றார் அப்பா.

 வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "அவன் சொல்லுறதும் சரிதான்" என்றார்.

"உங்களிட்டை இன்னும் நகல் இருக்கெல்லே. அந்த லோரிக்காரனிட்டையே குடுத்து விடுங்கோவன். பத்து பகாட்டிலை பெரிய துரை ஒருத்தர் இருக்கிறார்தானே, தந்தியும் இருக்கு."

"அரச கடிதம் லோரியிலை போகேலாது. அவரும் இதுக்குரிய அதிகாரி இல்லை. பை போகட்டும்."

அம்மா சோற்றுப் பானையை நிமிர்த்தினாள்.  மறுநாள் எங்கள் அரிசியில் ஒரு பையைக் கட்டி, முந்தானையில் மறைத்து, லோரிக்காரரிடம் கொடுத்தாள். லோரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாங்க மறுத்தார். "வேணாங்க அம்மா. ஏத்த மாட்டேன்னு ஐயாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்." இதை எழுதும்போது அவர் குரலில் கிண்டல் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. அதுதான் கொடுமை.

தோட்டத்தில் அப்போது மரவள்ளிக்கிழங்கு தின்ன ஆரம்பித்திருந்தார்கள். நல்ல கிழங்கு முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது எல்லையோரம் மாவு ஆலைக்காகப் பயிரிட்டிருந்த, விஷமுள்ள கசப்பு மரவள்ளி. அதைச் சீவி, நறுக்கி, நாள் கணக்கில் நீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தெரியும், அப்படித்தான் செய்தார்கள். பெரியவர்கள் பால் வெட்டப் போனபின் லயத்தில் இருந்த பிள்ளைகள் ஊறிக்கொண்டிருந்த கிழங்கை எடுத்துச் சுட்டுத் தின்றார்கள். பசிக்கு நாள் கணக்குத் தெரியாது.

ஒரு நாள் காலையில் லோரி வழக்கத்தைவிட முன்னதாக, ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ரப்பர் கூட ஏற்றவில்லை. முன்னிருக்கையில் லோரிக்காரர் மனைவி, அவள் மடியில் கம்பளியில் சுற்றிய மகள். பத்து பகாட் ஆஸ்பத்திரிக்கு. அப்பா பதிவேட்டோடு வெளியே வந்தார். பெர்மிட்டின்படி அந்த வண்டியில் ஓர் ஆள் அதிகம். போகும்போது இருக்க வேண்டிய ரப்பரும் இல்லை. பதிவேட்டை மழையிலேயே கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவரே மூங்கிலைத் தூக்கினார். லோரி நகரும்போது கம்பளிக்கு வெளியே அவளுடைய ஒரு கால் தெரிந்தது. முழங்காலில் புதிதாக ஒரு சிராய்ப்பு. கால் லோரியின் ஆட்டத்துக்கு ஆடியது. தானாக ஆடவில்லை.

மறுநாள் பின்னேரம் லோரி திரும்பி வந்தது. மனைவி மட்டும் முன்னால் உட்கார்ந்திருந்தாள், கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு. லோரிக்காரர் இறங்கி, அப்பா கேட்பதற்கு முன்பே பின்பலகையைத் திறந்தார். கித்தானையும் இழுத்து எறிந்தார். உள்ளே அரிசி மூட்டைகள், பலகையின் விளிம்பு வரை.

"அரிசிங்க ஐயா. பெர்மிட்டு இல்ல. புள்ளைய அங்கயே பொதச்சிட்டு வரேன். எழுதிக்குங்க."

அப்பா மூட்டைகளைப் பார்த்தார். முன்னிருக்கையைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, தேதி எழுதி, நேரம் எழுதி, லோரியின் எண்ணை எழுதி, சரக்கு என்ற கட்டத்தில் 'காலி' என்று எழுதினார். எனக்கு எட்டிப் பார்க்கத் தெரியும். அப்பாவின் கையால் எழுதப்பட்ட பொய் அது ஒன்றுதான். எழுதியதை லோரிக்காரர் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு பரிசைக் கொடுப்பது போல.

லோரிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அந்த ஒரு சொல்லைப் படிக்கத் தெரியும். தினமும் பார்த்த சொல்.

"இன்னிக்கு எழுத முடியும்னா," என்றார் மெதுவாக, "அன்னிக்கும் எழுதியிருக்கலாமேங்க ஐயா."

அப்பா மூங்கிலைத் தூக்கினார். லோரி போன பிறகும் மூங்கிலில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார். அம்மா போய்க் கயிற்றை வாங்கி முளையில் கட்டினாள்.

வெள்ளம் வடிந்தது. ரயில் ஓடியது. பை போனது. விண்ணப்பத்துக்குப் பதிலும் வந்தது, நம் துறைக்கே உரிய மரியாதையான மொழியில்: ரயில் சேவை மீண்டும் தொடங்கிவிட்டதால் மேற்படி அனுமதிக்கான தேவை எழவில்லை. முடிவை விண்ணப்பதாரருக்குத் தெரிவித்து, தெரிவித்ததற்கான கையொப்பம் பெற்று அனுப்புக.

அப்பா அதையும் செய்தார். லோரியை நிறுத்தி, கடிதத்தைத் தமிழில் சொல்லி, பேனாவை நீட்டினார்.  லோரிக்காரர் வாங்கினார். "எங்கங்க போடணும்?" என்று மட்டும் கேட்டார். போட்டார். அதன் பிறகு அவர் அந்தத் தடுப்பில் கேட்காமலே பின்பலகையைத் திறந்துவிட்டு, அப்பா எழுதி முடிக்கும் வரை சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். காற்றைப் பற்றிய பேச்சு திரும்ப வரவில்லை. ஒட்டுப்பால் பந்து ஜப்பான்காரன் காலத்தில் வீடு மாறியபோது காணாமல் போனது. அதற்கு முன்பே வெயிலில் உருகி உருண்டை என்ற வடிவத்தை இழந்திருந்தது.

போருக்குப் பிறகு நான் அதே துறையில் சேர்ந்தேன். அப்பாவின் பெயர் அதற்கு உதவியது. எத்தனையோ விண்ணப்பங்களுக்கு 'தேவை எழவில்லை' என்று நானும் எழுதியிருக்கிறேன், ஒரு பிழை இல்லாமல். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, பழைய கோப்புகளை எரிப்பதற்கான பட்டியல் கையெழுத்துக்கு வந்தது. போருக்கு முந்தைய லோரி பெர்மிட்டுகள், திருத்த விண்ணப்பங்கள், இணைப்பாகக் கையொப்பம் பெற்ற நகல்கள். விதிப்படி எரிக்கலாம். எரிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது, அது உங்களுக்கும் தெரியும். அந்த அறை முழுவதும் மட்கிய தாளின் வாசம். எனக்கு மட்டும் நனைந்த கித்தானின் வாசமும் வந்தது.

பிரித்துப் பார்க்கவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டேன். காட்டினார்கள். போட்டேன்.